உருவம் உட்பொருளைத் தொடரும் உலகம்

மனிதன் கதை சொல்லத் தொடங்கிய நாள் முதல், கண்ணால் கண்டவற்றைச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. ஒருபோதும் காண இயலாதவற்றையும் சொல்லி வந்திருக்கிறான். பேசும் பறவைகள், அணிந்தவரை மறைத்துவிடும் மோதிரங்கள், ஒரு சொல்லுக்குத் திறக்கும் பாறைகள், மனிதரை விலங்காக்கும் உணவு என இவை பல சமூகங்களின் கதைச் செல்வத்திலும் இடம்பெற்றுள்ளன. முன்பு முற்றத்திலும் திண்ணையிலும் சொல்லப்பட்ட இக்கதைகளின் இடத்தை இன்று பெருமளவில் திரைப்படம் எடுத்துக்கொண்டுள்ளது. ‘ஃபேண்டஸி’ என வழங்கப்படும் மிகுபுனைவுத் திரைப்படங்களை நம் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அவற்றின் பாத்திரங்களைப் பற்றி, உடன் வாழும் மனிதர்களைப் பற்றிப் பேசுவது போலவே பேசுகிறார்கள்.

இப்படங்கள் குறித்து நம்மிடையே இரண்டு நிலைப்பாடுகள் காணப்படுகின்றன. ஒரு சாரார் இவற்றைப் பொய்யும் சூனியமும் கலந்த குப்பை எனத் தள்ளிவிடுகின்றனர். மற்றொரு சாரார், சிறுவர்களின் பொழுதுபோக்குதானே என்று விட்டுவிடுகின்றனர். இரு சாராரும் ஒரு கேள்வியைத் தவிர்த்து விடுகின்றனர்: நடக்கவே முடியாத நிகழ்ச்சிகளைக் காட்டும் ஒரு படம், நடந்த செய்தியை விட ஆழமாக மனிதனை ஏன் அசைக்கிறது? திரைப்படம் பார்ப்பது பற்றிய மார்க்கச் சட்டம் தனித் தலைப்பு. அதனை ஃபிக்ஹு அறிஞர்கள் விவாதித்துள்ளனர். இக்கட்டுரை இக்கேள்வியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

தொல்படிமம் என்னும் கருத்து

இக்கேள்விக்கு நவீன காலத்தில் விரிவான விடை தர முயன்றவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலறிஞர் கார்ல் குஸ்டாவ் யுங் (1875 - 1961). தம்மிடம் சிகிச்சைக்கு வந்தோரின் கனவுகளை ஆராய்ந்த அவர், பழங்கதைகளிலும் சமயக் குறியீடுகளிலும் காணப்படும் உருவங்களை ஒத்தவை அக்கனவுகளிலும் தோன்றுவதாகக் கருதினார். ஒவ்வொரு தனிமனிதனின் நினைவுகளுக்கும் அடியில், மனித இனம் முழுவதற்கும் பொதுவான ஒரு தளம் உண்டு என்றும், அதுவே ‘கூட்டு நனவிலி’ என்றும் அவர் கூறினார். அத்தளத்தில் உள்ள அச்சுகளே தொல்படிமங்கள். உருவங்கள் பரம்பரையாக வருவதில்லை. உருவங்களை வார்க்கும் அச்சுகளே வருகின்றன. ஒரே அச்சில் ஒரு நாட்டார் களிமண்ணையும் மற்றொரு நாட்டார் வெண்கலத்தையும் வார்ப்பது போல, ஒரே தொல்படிமம் நாட்டுக்கு நாடு வெவ்வேறு ஆடை அணிந்து வருகிறது.

யுங் விவரித்த தொல்படிமங்களுள் சில நாம் எளிதில் அறியக்கூடியவை. தன்னிடம் இருப்பதாக ஒருவன் ஒப்புக்கொள்ள மறுக்கும் குணங்களின் திரள் ‘நிழல்’. வழி தவறிய வேளையில் எதிர்ப்பட்டு உண்மையை உணர்த்தும் முதியவர் ‘முதுஞானி’. உலகத்தாருக்குக் காட்டுவதற்காக நாம் அணியும் முகம் ‘முகமூடி’.

யுங்கின் கருத்துகளால் ஊக்கம் பெற்றவர்களுள் ஒருவர் அமெரிக்க அறிஞர் ஜோசஃப் கேம்பல் (1904 - 1987). ‘ஆயிரம் முகங்கள் கொண்ட வீரன்’ எனப் பொருள்படும் தமது நூலை அவர் 1949இல் வெளியிட்டார். வீட்டை விட்டுப் புறப்படுதல், சோதனைகளைக் கடத்தல், பெற்றதைச் சுமந்து திரும்புதல் என்ற மூன்று கட்டங்களில் உலகின் வீரக்கதைகளை அவர் அடுக்கிக் காட்டினார். அழைப்பை ஏற்க மறுக்கும் வீரனுக்கு எடுத்துக்காட்டாக ஆயிரத்தொரு இரவுகளின் இளவரசர் கமருஸ்ஸமானை அவர் எடுத்தாண்டிருப்பது நம் வாசகர்கள் அறியத்தக்கது. அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ், 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் கதையை உருவாக்கியபோது இந்நூல் தமக்குத் துணைநின்றதை வெளிப்படையாகவே கூறியுள்ளார். அன்று முதல் இம்மூன்று கட்ட அமைப்பு திரைக்கதைப் பயிற்சியில் பாடமாகவே ஆகிவிட்டது.

இக்கருத்துகளுக்கு மறுப்புகளும் உண்டு. ஒற்றுமைகளைத் தேடும் ஆர்வத்தில் கேம்பல் வேற்றுமைகளைத் தேய்த்து அழித்துவிட்டார் என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் குறை கூறியுள்ளனர். எல்லா மனிதரும் குழந்தையாகப் பிறந்து, இருளுக்கு அஞ்சி, பெற்றோரை இழந்து, இறுதியில் தாமும் இறப்பவர்களே. அவர்களின் கதைகள் ஒத்திருப்பதற்கு இந்தப் பொது வாழ்வே போதுமான காரணம், கூட்டு நனவிலி என ஒன்று தேவையில்லை என்றும் கூறலாம். இம்மறுப்புகளில் நியாயம் உண்டு. ஆயினும் எந்தக் காரணத்தை ஏற்றாலும், உருவங்களின் மொழி ஒன்று மனிதரிடையே பொதுவாக இருப்பது மறுக்க இயலாத உண்மை.

ஒரு தோலுக்குள் நால்வர்

இம்மொழியை யுங்குக்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே நுட்பமாக ஆராய்ந்தவர் இமாம் அபூஹாமித் அல்கஸ்ஸாலி (ரஹ்) (1058 - 1111). அவர்களது ‘இஹ்யாஉ உலூமித்தீன்’ நூலில் உள்ளத்தின் விந்தைகளை விளக்கும் பகுதி ஒன்று உண்டு. மனிதனின் தோலுக்குள் நால்வர் கூடியிருப்பதாக இமாமவர்கள் அங்கு கூறுகின்றார்கள்: பன்றி, நாய், ஷைத்தான், ஞானி. பன்றி என்பது இச்சை. நாய் என்பது சினம். இவ்விரண்டையும் தூண்டிவிட்டு அவற்றின் செயலை அழகாக்கிக் காட்டுவது ஷைத்தான். ஞானி என்பது அறிவு. பன்றியும் நாயும் இருப்பதே குற்றமன்று. அவை ஞானியின் ஆணைக்கு உட்பட்டால் இச்சை கற்பொழுக்கமாகவும், சினம் வீரமாகவும் மாறுகின்றன. ஞானி அவற்றுக்குப் பணியாளாகிவிட்டால் மனிதன் கெடுகிறான்.

இதையடுத்து இமாமவர்கள் கூறுவது நம் தலைப்புக்கு மிக நெருக்கமானது. இச்சைக்கு அடிமைப்பட்ட ஒருவனுக்குத் திரை விலக்கப்பட்டு, கனவிலோ விழிப்பிலோ அவனது உண்மை நிலை உருவமாகக் காட்டப்படுமானால், ஒரு பன்றியின் முன் தான் பணிந்து நின்று அதன் கட்டளையை எதிர்நோக்குவதை அவன் காண்பான். காரணம், புலன்களுக்கு அப்பாற்பட்ட அவ்வுலகில் உருவம் உட்பொருளைத் தொடர்கிறது.

இந்த ஒரு விதியை நன்கு பற்றிக்கொள்ள வேண்டும். நாம் வாழும் இவ்வுலகில் உருவம் உட்பொருளைத் தொடர்வதில்லை. அழகிய முகத்துக்குப் பின்னால் கொடிய உள்ளம் இருக்கலாம்; கறுத்துச் சுருங்கிய முகத்துக்குப் பின்னால் இறைநேசர் இருக்கலாம். கனவிலும், உவமையிலும், காட்சி அனுபவத்திலும் மட்டுமே உள்ளிருப்பது வெளியே தெரிகிறது. புலனுலகுக்கும் தூய அறிவுலகுக்கும் இடைப்பட்ட இத்தளத்தை ஷிஹாபுத்தீன் ஸுஹ்ரவர்தீ, இப்னு அரபீ ஆகியோரின் மரபில் வந்தவர்கள் ‘ஆலமுல் மிஸால்’ என விரித்துரைத்தார்கள். மிகுபுனைவுத் திரைப்படத்தை அவ்வுலகோடு சமமாக்க முடியாது. அது மனிதக் கைவினை. எனினும் அது கடன் வாங்கியிருப்பது இவ்விதியைத்தான். அப்படங்களில் உருவம் உட்பொருளைத் தொடர்கிறது. அவை நம்மை அசைப்பதன் இரகசியமும் இதுவே.

திரையில் தோன்றும் நிழல்

ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாஸகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ 2001இல் வெளிவந்தது. 2003ஆம் ஆண்டு விழாவில் சிறந்த உயிரோவியத் திரைப்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. பத்து வயதுச் சிறுமி சிஹிரோ பெற்றோருடன் புதிய ஊருக்குக் குடிபெயரும் வழியில், ஆளரவமற்ற ஓர் இடத்தை அடைகிறாள். அங்கு ஒரு கடையில் உணவு குவிந்து கிடக்கிறது. எவரிடமும் கேளாமல் பெற்றோர் உண்ணத் தொடங்குகின்றனர். உண்டுகொண்டே பன்றிகளாகி விடுகின்றனர். தூஸ் நகரத்து இமாம் எழுதியதும், டோக்கியோவின் ஓவியர் வரைந்ததும் இங்கு ஒரே உருவத்தில் சந்திக்கின்றன. ஒருவர் மற்றவரைப் படித்திருக்க வேண்டும் என்று கொள்ளத் தேவையில்லை. பெருந்தீனியைப் பன்றியாகக் காண்பது மனித மனத்துக்கு இயல்பாகவே அமைகிறது.

அப்படத்தில் இன்னொரு குறியீடும் உண்டு. சிஹிரோ வேலைக்குச் சேரும் குளியல் மாளிகையின் தலைவி, சிறுமியின் பெயரின் ஒரு பகுதியைப் பறித்துக்கொள்கிறாள். தன் உண்மைப் பெயரை மறந்தவர்கள் வீடு திரும்பும் வழியையும் மறந்துவிடுவார்கள் என்று சிறுமிக்கு எச்சரிக்கப்படுகிறது. அல்லாஹ்வை மறந்தவர்களை, தம்மையே மறந்தவர்களாக அவன் ஆக்கிவிட்டதைத் திருக்குர்ஆன் (59:19) எச்சரிக்கையாகக் கூறுவது வாசகர்களின் நினைவுக்கு வரலாம். இயக்குநர் அப்பொருளைக் கருதவில்லை. மனிதன் தொலைக்கக்கூடிய பொருள்களுள் ‘தான் யார்’ என்னும் அறிவே முதன்மையானது என்ற உணர்வு இரண்டிடத்தும் பொதுவானது.

‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 1980இல் வந்த இரண்டாம் படத்தில், இளைஞன் லூக் பயிற்சிக் காலத்தில் ஓர் இருண்ட குகைக்குள் நுழைகிறான். தான் வெறுக்கும் கொடியோன் டார்த் வேடர் அங்கு எதிர்ப்படுகிறான். லூக் அவனது தலையைத் துணிக்கிறான். உருண்ட கவசத்தின் முகப்பு சிதறும்போது அதனுள் தெரிவது லூக்கின் சொந்த முகமே. எதிரியை வெட்டியவன் தன்னையே வெட்டியிருக்கிறான். 1983இல் வந்த மூன்றாம் படத்தில் அவன் வெல்வது, வீழ்ந்துகிடக்கும் வேடரைக் கொல்ல மறுத்து, கையிலிருந்த வாளை எறிந்துவிடும் கணத்தில்தான்.

ஆங்கிலேய மொழியியல் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892 - 1973) எழுதி, பீட்டர் ஜாக்சன் இயக்கத்தில் 2001, 2002, 2003 ஆண்டுகளில் மூன்று படங்களாக வந்த ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ இதனை மேலும் நுட்பமாகக் காட்டுகிறது. ஆதிக்கத்தின் மோதிரத்தை நெடுங்காலம் வைத்திருந்ததால் உடல் சுருங்கி, குகைவாழ் உயிராகிப் போனவன் கோல்லம். முன்பு அவனது பெயர் ஸ்மீகல். இரண்டாம் படத்தில் ஒரு காட்சியில் இவ்விரு பெயருக்குரியவர்களும் ஒரே உடலுக்குள் இருந்து வாதிடுகின்றனர். ஒரு குரல் துரோகத்துக்குத் தூண்டுகிறது. மற்றொரு குரல் வெட்கி மறுக்கிறது. தீமையைத் தூண்டும் நஃப்ஸ் அம்மாரா (12:53), தன்னைத் தானே நிந்திக்கும் நஃப்ஸ் லவ்வாமா (75:2) ஆகியவற்றின் வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்கும்போது, நீண்ட வரைவிலக்கணங்களை விட இக்காட்சி விரைவில் புரிவதை வகுப்பறையில் கண்டிருக்கிறேன். அமைதியடைந்த ஆன்மாவான முத்மயின்னாவை (89:27) அக்காட்சியில் காண முடியாது. கோல்லம் அந்நிலையை அடைவதே இல்லை.

வழிகாட்டியும் மாணவரும்

முதுஞானி இல்லாத மிகுபுனைவுப் படத்தைக் காண்பது அரிது. லூக்குக்கு ஓபிவான், ஃப்ரோடோவுக்கு கண்டால்ஃப். தோற்றத்தில் எளியவர், எப்போது வருவார் என்று சொல்ல முடியாதவர், தேவைப்படும் வேளையில் மறைந்துவிடுபவர். இப்படிமத்தை ஆராய்ந்த யுங், தமது சான்றுகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆனின் குகை அத்தியாயத்தையே எடுத்துக்கொண்டார் என்பது பலர் அறியாத செய்தி. சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில் 1939இல் மறுபிறப்பு என்னும் பொருள் பற்றி அவர் ஆற்றி, பின்னர் விரித்தெழுதிய உரையில், நபி மூஸா (அலை) அவர்களும் கிள்ரு (அலை) அவர்களும் சந்தித்த வரலாறு விரிவாக ஆராயப்படுகிறது. கிழக்காப்பிரிக்கப் பயணத்தில் தமக்குத் துணைவந்த சோமாலிய முஸ்லிம் ஒருவரையும் அவர் அங்கு நினைவுகூர்கிறார். அந்த மனிதருக்கு கிள்ரு நூலில் வரும் பெயர் மட்டுமன்று. தெருவில் மனிதராக எதிர்ப்படக்கூடியவர், இரவில் வெண்ணொளியாகத் தோன்றக்கூடியவர். ஒரு புல்லைக் கிள்ளிக் காட்டி, இவ்வடிவிலும் வரக்கூடும் என்று அவர் புன்னகையுடன் கூறியிருக்கிறார். கிள்ரு அமர்ந்த வறண்ட நிலம் பசுமையாயிற்று என்ற நபிமொழிச் செய்தியின் எதிரொலி அப்புல்லில் இருக்கிறது.

யுங்கின் விளக்கத்தோடு நாம் வேறுபடும் இடமும் இதுவே. அவர் கிள்ரை மனிதனின் ஆழ்மனத்தில் உறையும் முழுமையான ‘தான்’ என்பதன் குறியீடாகக் கொள்கிறார். அதாவது, தேடிச் சென்றவர் இறுதியில் சந்திப்பது தம்மையே. திருக்குர்ஆனின் வரலாறு (18:60-82) அப்படி அமையவில்லை. தம்மைவிட வேறு வகை அறிவு வழங்கப்பெற்ற ஓர் அடியாரைத் தேடி, இரு கடல்கள் கூடுமிடம் நோக்கி நபி மூஸா (அலை) புறப்படுகிறார்கள். தம்மைப் பின்தொடர அனுமதி கேட்கிறார்கள். மரக்கலம் பழுதாக்கப்படுகிறது; சிறுவன் கொல்லப்படுகிறான்; உணவளிக்க மறுத்த ஊரில் சுவர் கூலியின்றிச் செப்பனிடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அவர்களால் பொறுத்திருக்க இயலவில்லை. பிரிவின்போது விளக்கம் தரப்படுகிறது. இவற்றைத் தம் விருப்பப்படி செய்யவில்லை என்பதையும் வழிகாட்டி தெளிவாக்கிவிடுகிறார்.

திரைப்படத்தின் முதுஞானியோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கு ஞானி பெரும்பாலும் இறந்தோ மறைந்தோ மாணவனுக்கு வழிவிடுகிறார். மாணவன் அவரது ஆற்றலைப் பெற்று அவரையும் விஞ்சுகிறான். குகை அத்தியாயத்தில் மாணவர் எந்த ஆற்றலையும் பெற்றுத் திரும்பவில்லை. தாம் கண்டதற்கு அப்பாலும் ஒரு காரணம் இருக்கலாம் என்ற அறிவையே பெறுகிறார்கள். படிமம் ஒன்றே, அது சுட்டும் திசை வேறு. தொல்படிமங்களைப் பற்றிப் பேசும் பலர் ஒற்றுமையைக் கண்டதும் நின்றுவிடுகின்றனர். திசையைக் கேட்பது அதற்கடுத்த கட்டம்.

மோதிரமும் இரக்கமும்

ஆற்றல் தரும் பொருள் என்பது இப்படங்களின் மற்றொரு நிலையான குறியீடு. கிரேக்க மெய்யியலாளர் பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலில் அணிந்தவரை மறைக்கும் மோதிரம் ஒன்றைப் பற்றிக் கூறி, எவரும் காணாதபோது மனிதன் நீதியாக நடப்பானா என்ற கேள்வியை எழுப்பினார். டோல்கீனின் மோதிரம் இக்கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. தீயவர்கள் அதனை விரும்புவதில் வியப்பில்லை. நல்லவரான கண்டால்ஃப் அதனைத் தொடவும் அஞ்சுகிறார். நன்மை செய்யும் விருப்பத்தின் வழியாகவே அது தம்மைக் கெடுத்துவிடும் என்பதை அவர் அறிந்திருக்கிறார். நொடிப் பொழுதில் அரியணை தம் முன் வந்து நின்றபோது, தாம் நன்றி செலுத்துகிறோமா இல்லையா என்று இறைவன் சோதிப்பதாகவே நபி ஸுலைமான் (அலை) அதனைக் கொண்டார்கள் (27:40). ஆற்றலைச் சோதனையாகக் காணும் கண் இரு கதைகளிலும் உண்டு. ஒன்றில் ஆற்றல் மறுக்கப்படுகிறது. மற்றொன்றில் அதனைத் தந்தவனுக்கு நன்றி செலுத்தப்படுகிறது.

மூன்றாம் படத்தின் முடிவை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 11 ஆஸ்கார் விருதுகளைப் பெற்ற அப்படத்தின் நாயகன் ஃப்ரோடோ, தன் பணியின் கடைசிப் படியில் தோற்றுவிடுகிறான். எரிமலையின் விளிம்பில் மோதிரத்தை எறிய மறுத்து அது தனக்கே உரியது என்கிறான். அதனைப் பறிக்கப் பாய்ந்த கோல்லத்தோடுதான் மோதிரம் நெருப்பில் விழுகிறது. அந்தக் கோல்லம் அதுவரை உயிரோடு இருந்ததற்குக் காரணம், முன்பு பில்போவும் பின்னர் ஃப்ரோடோவும் அவனைக் கொல்லாமல் விட்ட இரக்கம். வீரனின் உறுதி உடைந்த இடத்தில், அவன் எப்போதோ காட்டிய இரக்கம் வேலை செய்கிறது. தன் முயற்சியால் மட்டும் எவரும் மீள்வதில்லை என்ற இவ்வுணர்வு, வெற்றி வீரர்களைக் கொண்டாடும் படங்களிடையே அரிதானது. டோல்கீன் ஆழ்ந்த கத்தோலிக்க நம்பிக்கை உடையவர் என்பதையும் இங்கு நினைவில் கொள்ளலாம்.

வீடு திரும்பிய ஃப்ரோடோவின் காயம் ஆறுவதில்லை. கேம்பலின் அமைப்பில் திரும்புதல் என்பது பரிசோடு வருவது. இங்கு அது இழப்போடு வருகிறது. டோல்கீன் 1916இல் ஃபிரான்ஸின் சோம் போர்க்களத்தில் பணியாற்றியவர். அப்பெரும் போரில் நெருங்கிய நண்பர்களை இழந்தவர். தம் கதையை எந்தப் போரின் உருவகமாகவும் படிப்பதை அவர் விரும்பவில்லை. வாசகர் தம் அனுபவத்தோடு அதனைப் பொருத்திக்கொள்ளும் உரிமையையே வலியுறுத்தினார். போர் கண்ட குடும்பத்தினருக்கு அந்த ஆறாத காயம் எதனைச் சுட்டுகிறது என்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

விதி எல்லை கடக்கும்போது

இதுவரை கூறியவை இப்படங்களின் பயன். இனி அவற்றின் ஆபத்து. உருவம் உட்பொருளைத் தொடரும் என்பது கற்பனை உலகின் விதி. அதனைப் பார்வையாளர் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டால் அது பெரும் அநீதியாகிறது. திரையில் கோரமான முகம் தீய உள்ளத்தின் அடையாளம். தெருவில் அது ஒரு மனிதனின் முகம். குறிப்பிட்ட நிறமும் மூக்கும் தாடியும் தலைப்பாகையும் மீண்டும் மீண்டும் தீயவருக்கே அணிவிக்கப்படும்போது, பார்வையாளர் தாமறியாமலே ஒரு மக்களினத்தை ‘நிழல்’ ஆக்கிவிடுகின்றனர். தன்னுள் இருக்கும் தீமையைக் காண மறுப்பவன் அதனைப் பிறர்மீது ஏற்றிவைக்கிறான் என்று யுங் எச்சரித்தது இதனைத்தான்.

அமெரிக்க ஆய்வாளர் ஜாக் ஷாஹீன், அரபுகள் இடம்பெற்ற 900க்கும் மேற்பட்ட திரைப்படங்களை ஆராய்ந்து 2001இல் ஒரு நூல் வெளியிட்டார். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அரபுகளைக் கொடியவர்களாகவோ கேலிக்குரியவர்களாகவோ காட்டியதை அவர் எடுத்துக்காட்டினார். 1992இல் வந்த டிஸ்னி நிறுவனத்தின் ‘அலாதீன்’ படத்தின் தொடக்கப் பாடலில் இருந்த இழிவான வரி, அமெரிக்க அரபு அமைப்பு ஒன்றின் எதிர்ப்புக்குப் பின் 1993இல் வீடியோப் பதிப்பில் மாற்றப்பட்டது. இத்தனைக்கும் அக்கதையை ஐரோப்பாவுக்குத் தந்தவரே ஓர் அரபு மனிதர். ஹலபைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்னும் கிறிஸ்தவர் 1709இல் பாரிஸ் நகரில் அதனைச் சொல்ல, ஃபிரெஞ்சு அறிஞர் அந்துவான் கலான் தம் நூலில் சேர்த்துக்கொண்டார்.

டோல்கீனின் படைப்பும் இக்கேள்வியிலிருந்து தப்பவில்லை. அதில் வரும் ‘ஆர்க்’ என்னும் கொடிய கூட்டத்தாரின் முகத்தை 1958இல் எழுதிய கடிதம் ஒன்றில் அவர் ஆசிய இனத்தவரின் சாயலோடு இணைத்தது இன்றும் விமரிசிக்கப்படுகிறது. அதே வேளையில், திருந்தவே முடியாத ஓர் உயிரினம் இருக்க முடியுமா என்ற கேள்வி அவரை வாழ்நாள் இறுதிவரை உறுத்தியது. கதையிலேயே ஓர் இடத்தில், எதிரிப் படையைச் சேர்ந்த தென்னாட்டு வீரன் ஒருவன் இறந்து வீழ்கிறான். எளிய தோட்டக்காரனான சாம் அவ்வுடலைக் கண்டு, இவனது பெயர் என்னவாயிருக்கும், உண்மையில் இவன் தீய உள்ளத்தவனா, எந்தப் பொய்யோ மிரட்டலோ இவனை இவ்வளவு தொலைவு கொண்டுவந்தது என்று எண்ணுகிறான். படத்தின் விரிவான பதிப்பில் இச்சிந்தனை ஃபராமிர் என்னும் தளபதியின் வாயில் வைக்கப்பட்டுள்ளது. உருவத்தை வைத்து உட்பொருளை முடிவுசெய்யும் விதி அக்கணத்தில் கதைக்குள்ளேயே நிறுத்திவைக்கப்படுகிறது.

இக்குறை அவர்களிடம் மட்டும் இருப்பதாக எண்ணி நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. நமக்கு நேர்ந்த கேடு அனைத்துக்கும் வெளியிலுள்ள எவரையேனும் காரணமாக்கிக் கதை சொல்வது நம்மிடமும் வழக்கமாகிவிட்டது. தீர்ப்பு முடிந்த அந்நாளில் ஷைத்தானே தன்னைப் பின்பற்றியவர்களிடம், தன்னைப் பழிக்க வேண்டாம், உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்ற பொருளில் பேசுவதைத் திருக்குர்ஆன் (14:22) எடுத்துரைக்கிறது. அழைப்பதைத் தவிர வேறு அதிகாரம் தனக்கு இருக்கவில்லை என்பதே அவனது வாதம். லூக் நுழைந்த குகையில் கவசத்தினுள் தெரிந்த முகத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே, இப்படங்களைப் பார்க்கும் இளைஞர்களிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது, இதில் மந்திரம் இருக்கிறதா என்பதன்று. மூன்று கேள்விகள் அதனினும் பயனுடையவை. இக்கதை தீமையை எங்கே வைக்கிறது: நாயகனின் உள்ளத்திலா, அல்லது ஒரு கூட்டத்தாரின் முகத்திலா? ஆற்றலை எப்படிக் காண்கிறது: அடைய வேண்டிய பரிசாகவா, விடை சொல்ல வேண்டிய சோதனையாகவா? வழிகாட்டியிடமிருந்து நாயகன் எதைக் கற்கிறான்: வெல்லும் வித்தையையா, பொறுமையையா?

இக்கேள்விகளைக் கேட்கப் பழகிய மாணவன் எந்தப் படத்தையும் அப்படியே விழுங்கமாட்டான். எதனையும் அறியாமலே வெறுக்கவும்மாட்டான். அரபுக் கல்லூரிகளில் நாம் மாணவர்களுக்கு மஜாஸையும் இஸ்திஆராவையும் கினாயாவையும் பலாகா பாடத்தில் ஆண்டுக்கணக்கில் கற்பிக்கிறோம். ஒரு சொல் அதன் நேர்ப்பொருளை விட்டு எங்கே நகர்கிறது, அதற்குச் சான்றாக நிற்கும் கரீனா எது என்று நுணுகிக் காணக் கற்றவர்கள் அவர்கள். அதே கண்ணை ஓர் உருவத்தின் மீதும் செலுத்தக் கற்றுக்கொடுப்பது புதிய பாடமன்று. பழைய பாடத்தின் நீட்சியே.

படம் முடிந்து வெளியே வரும் ஒருவர் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டியிருக்கிறது. திரையில் கண்ட கொடியோனைத் தன் உள்ளத்தில் தேட வேண்டும். எதிரே வருபவரின் முகத்தில் அவனைத் தேடுவதை விட்டுவிட வேண்டும். அல்லாஹ் மனிதர்களின் உருவங்களையோ செல்வத்தையோ பார்ப்பதில்லை, உள்ளங்களையும் செயல்களையுமே பார்க்கிறான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த உள்ளங்களைக் காணும் ஆற்றல் நமக்குத் தரப்படவில்லை. பிறரது உருவத்தை வைத்து அவரது உள்ளத்துக்குத் தீர்ப்பு வழங்கும் உரிமையும் நமக்கு இல்லை.